பின் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்காதீர்கள்

‘கார் அடி தட்டுகிறது’ என்று சொன்னால் உதிரிபாகக் கடைக்காரர் மறுகேள்வி கேட்பதில்லை. கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். உள்ளே விரல் தடிமனுக்கும் மேலான ரப்பர் வளையங்கள், ஒரு பக்கம் வெட்டுவிட்டவை. கடையில் இதன் பெயர் பஃபர். காரை ஜாக்கியில் தூக்குவார்கள். பின் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, சோப்புத் தண்ணீர் தடவிய வளையத்தைத் திணித்து, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்குவார்கள். சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. இறக்கியதும் டிக்கி நிமிர்ந்து நிற்கும். மெக்கானிக் அதன் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிக் காட்டுவார், முன்போல அமுங்காது. “இனி ஃபுல் ஃபேமிலி ஏறினாலும் தட்டாது சார்” என்பார். அவர் சொல்வது உண்மைதான்.

அவர் சொல்லாமல் விடுவது, வளைவில் அந்தக் காரின் எந்த முனை முதலில் பிடியை விடும் என்ற கணக்கு இப்போது மாறிவிட்டது என்பதை. கார் நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதனைத் தளத்தில் ஓட்டி ஓட்டி முடிவுசெய்த கணக்கு அது. சஸ்பென்ஷன் வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் ஒரு ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றுகிறவர்கள், பிரேக்கில் கைவைக்கும்போது எவ்வளவு யோசிப்பார்களோ அவ்வளவு யோசிக்க வேண்டும். இன்று நம் கடைகள் யோசிப்பதில்லை, சட்டமும் யோசிப்பதில்லை.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவை தீர்மானிக்கின்றன. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறும், 12 மி.மீ. கம்பி 13 மி.மீ. ஆனாலே 38 சதவீதம் கூடிவிடும். சுற்றுகள் குறைந்தாலும் கூடும். ஆறு சுற்று வேலை செய்த ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றைப் பஃபர் அசையவிடாமல் பிடித்துக்கொண்டால் மீதி நாலரைச் சுற்றுதான் ஸ்பிரிங். விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. காரைத் தாழ்வாக்கிக் காட்ட ஸ்பிரிங்கைக் கிரைண்டரில் வெட்டும் இளைஞர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். உயரம் குறையும்போதே விறைப்பு ஏறுகிறது. லாரித் தொழிலில் இது பழைய வித்தை. லோடு அதிகம் அடிக்க வேண்டுமென்றால் பின் கமான் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை போடுவார்கள். முன்னால் டார்ஷன் பாரும் பின்னால் கமான் பட்டையுமாக இருந்த அம்பாசடரிலும் பின்பக்கம் சேர்ப்பதுதான் சுலபமாக இருந்தது.

பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று விறைப்பாக இருக்கட்டும் என்பது, பார்க்கப்போனால், நல்ல விதிதான். கார் உலகம் இந்த விதிக்காக மாரிஸ் ஆலி என்ற பிரிட்டிஷ் பொறியாளருக்குக் கடன்பட்டிருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸில் இருந்த அவர் 1930இல் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவுக்குப் போனார். ஏழு பேர் உட்காரும் பெரிய லிமோசின் ஒன்றின் முன்னும் பின்னும் இடம்மாற்றக்கூடிய எடைகளைப் பொருத்தி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். பயணச் சுகத்தை அளக்கக் கருவி இல்லாத காலம். உள்ளே உட்கார்ந்தவர்களின் முதுகும் வயிறும்தான் கருவி. அன்றைய அமெரிக்கக் கார்களில் முன் ஸ்பிரிங்தான் விறைப்பு. ஆலி அதைத் தலைகீழாக்கினார், முன்பக்கத்தைத் தளர்த்தினார். கப்பல் போல முன்னும் பின்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த வண்டி சமமாக மிதந்து போயிற்று.

காரணம் எளிய கணக்கு. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்றால், 72 கி.மீ. வேகத்தில் பின் சக்கரம் அதே மேட்டைத் தொடுவது 0.125 நொடி கழித்து. முன்பக்கம் நொடிக்கு 1.2 முறை அலைந்தால் ஓர் அலைவுக்கு 0.83 நொடி ஆகும். பின்பக்கம் கொஞ்சம் விறைப்பாக, நொடிக்கு 1.4 முறை அலைந்தால் 0.71 நொடி போதும். தாமதத்தையும் சேர்த்தால் 0.84. தாமதமாகக் கிளம்பிய பின்பக்கம் ஒரே அலைவில் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குவதால் உள்ளே இருப்பவர் தலையாட்டுவதில்லை. தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது.

‘அப்படியானால் பஃபர் போட்டதில் என்ன தவறு? ஆலி சொன்னதைத்தானே செய்கிறோம்’ என்று ஒருவர் கேட்கலாம். ஆலியின் விதி நேர்சாலையில் மேடுபள்ளம் ஏறி இறங்குவதற்கானது. திரும்பும்போது வேறு கணக்கு வந்துவிடும். நல்ல கார் என்பது இரண்டு கணக்குக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற சமரசம்.

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்கள் மீதிருந்த எடையில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. மொத்தம் எவ்வளவு போகும் என்பதில் ஸ்பிரிங்குக்கு அநேகமாகப் பங்கே இல்லை. இதைச் சொன்னால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள்கூட நம்ப மறுக்கிறார்கள். காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம், எவ்வளவு கடுமையாகத் திரும்புகிறோம் என்பவைதான் அதை முடிவுசெய்கின்றன. 1,000 கிலோ கார், தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையம், 1.48 மீட்டர் அகலம், புவியீர்ப்பில் பாதியளவு பக்கவாட்டு விசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 186 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் கார் அதிகம் சாயும், விறைப்பாக இருந்தால் குறைவாகச் சாயும். 186 அப்படியே இருக்கும்.

அந்த 186 கிலோவில் முன் அச்சின் பங்கு எவ்வளவு, பின் அச்சின் பங்கு எவ்வளவு? பங்கு பிரிக்கும் வேலைதான் ஸ்பிரிங்குகளுடையது. கூடவே ஆன்டி ரோல் பார். இடவலச் சக்கரங்களை இணைக்கும் இந்தக் கம்பி, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் முறுக்கேறி எதிர்க்கும். சாய்வை எந்த முனை அதிகம் எதிர்க்கிறதோ அதன் தலையில் அதிகப் பங்கு விழும். முன்பக்கத்தை அப்படியே விட்டுப் பின்பக்கத்தை மட்டும் இறுக்கினால் பின் அச்சின் பங்கு கூடுகிறது.

கூடினால் என்ன? இங்கேதான் ரப்பரின் குணம் வருகிறது. டயரின் மேல் எடை ஏற ஏறப் பிடி கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. மாதிரிக்கு ஒரு கணக்கு: இரண்டு டயர்களும் தலா 300 கிலோ சுமக்கும்போது ஒவ்வொன்றும் எடையில் 90 சதவீதம் பிடி தருகிறது என்றால், மொத்தம் 540 கிலோ பிடி. அதே 600 கிலோவில் வெளிச்சக்கரத்துக்கு 450, உள்சக்கரத்துக்கு 150 என்று பிரிந்துவிட்டது. அதிகச் சுமையில் இருக்கும் டயர் 82 சதவீதம், குறைந்த சுமையில் இருப்பது 95 சதவீதம் என்று தந்தால் கூட்டுத்தொகை 511தான். எடை அதே எடை, டயர் அதே டயர், பிடி மட்டும் குறைந்துவிட்டது. ஓர் அச்சில் எடை எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பிரிகிறதோ, அந்த அச்சு அவ்வளவு பலவீனமாகிறது. பந்தயக் கார் பொறியாளர்கள் இதைக் கருவியாகவே வைத்திருக்கிறார்கள். பிடி மிஞ்சி நிற்கும் முனையை இறுக்குவார்கள், தவிக்கும் முனையைத் தளர்த்துவார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்குக்கூட இது அத்துப்படி.

முன் டயர்கள் முதலில் பிடியை விட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாது. மூக்கு வெளியே ஓடும். இது அண்டர்ஸ்டீர். பயந்துபோகும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார். வேகம் குறையும், எடை முன்னால் வரும், முன் டயர்கள் மறுபடி பிடிக்கும். பயத்தில் செய்ததே சரியான வைத்தியமாகிவிடுகிறது. பின் டயர்கள் முதலில் விட்டால் வால் வெளியே வீசும்; இது ஓவர்ஸ்டீர். இங்கே காலை எடுத்தால் எடை முன்னால் போய்ப் பின்பக்கம் மேலும் லேசாகி, வால் இன்னும் வேகமாகச் சுற்றும். ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் சரியான அளவு, சரியான நேரத்தில் திருப்பத் தெரிந்தவர்கள் பந்தயத் தளத்தில் இருப்பார்கள். குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் உலகெங்கும் குடும்பக் கார்களை வேண்டுமென்றே அண்டர்ஸ்டீர் பக்கம் வைக்கிறார்கள். மூக்கு கனத்த, முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள் இயல்பாகவே அந்தப் பக்கம் சாய்ந்தவை என்பதால், கொஞ்சம் சுறுசுறுப்பு வரட்டும் என்று பின்பக்க விறைப்பை ஓரளவு கூட்டிக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. எண்பதுகளின் பெஜோ 205 ஜிடிஐ வளைவில் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காரில் வளைவின் நடுவே காலை எடுத்தால் வால் வீசும் என்பதும் ஊரறிந்த கதை. வாங்கியவர்கள் அதைத் தெரிந்தே வாங்கினார்கள்.

நம் வீட்டுச் சின்னக் காருக்கு வருவோம். வெறும் எடை 900 கிலோ. முன் அச்சில் 540, பின் அச்சில் 360. முன் சீட்டில் இருவர், பின் சீட்டில் மூவர், தலைக்கு 65 கிலோ. டிக்கியில் 50 கிலோ சாமான். முன் சீட்டுக்காரர்களின் எடை ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரியும். பின் சீட்டுக்காரர்களின் எடையில் பெரும்பகுதி பின் அச்சில் இறங்கும். டிக்கிச் சாமான் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் தன் எடைக்கு மேலேயே பின் அச்சை அமுக்கி, முன் அச்சைக் கொஞ்சம் தூக்கவும் செய்யும். எல்லாம் கூட்டினால் முன்னால் 637, பின்னால் 638 கிலோ. அறுபதுக்கு நாற்பது என்று கிளம்பிய கார் ஐம்பதுக்கு ஐம்பது ஆகிவிட்டது. முன் அச்சில் நூறு கிலோதான் கூடியிருக்கிறது. பின் அச்சின் சுமை முக்கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கும் பின் ஸ்பிரிங்காக இருந்தால் டிக்கி 7 செ.மீ. இறங்கியிருக்கும். வேகத்தடையில் தட்டாமல் என்ன செய்யும்!

இந்த ஏற்றத்தாழ்வுதான் சின்னக் கார் வடிவமைப்பாளரின் தலைவலி. ஓட்டுநர் மட்டும் போகும்போது தூக்கிப்போடாமலும் இருக்க வேண்டும், ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் உட்கார்ந்துவிடாமலும் இருக்க வேண்டும். இரண்டு டன் எடையுள்ள காருக்கு இந்தச் சுமை ஒரு சிறு பங்கு. 900 கிலோ காருக்கோ தன் எடையில் நாற்பது சதவீதம். மேலே சொன்ன காரின் பின்பக்கம் தனியாளாகப் போகும்போது நொடிக்குச் சுமார் 1.8 முறையும், ஆள் நிறைந்தால் 1.3 முறையும் அலையும். தனியாகப் போகும்போது பின்பக்கம் உதறுகிறது என்று குறைசொல்வதும், குடும்பத்தோடு போகும்போது தொய்கிறது என்று குறைசொல்வதும் பெரும்பாலும் ஒரே வாடிக்கையாளர்தான். இரண்டு புகாரிலும் நியாயம் இருக்கிறது.

பஃபர் தேவைப்படுவது ஆள் நிறைந்திருக்கும்போது. எடை பின்னால் குவிந்து, மூக்கு கனத்த காரின் இயல்பான பாதுகாப்பு ஏற்கெனவே கரைந்திருப்பதும் அப்போதுதான். மிச்சமிருக்கும் பாதுகாப்பையும் அந்த நேரம் பார்த்து விறைப்பான பின் ஸ்பிரிங் எடுத்துக்கொள்கிறது. பஃபரால் டிக்கி உயர்ந்ததில் ஈர்ப்பு மையமும் கொஞ்சம் ஏறிவிட்டது. பழைய ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கத்தான் அளவெடுக்கப்பட்டது; புதிய விறைப்பு அதன் கைக்கு அடங்காது. 60,000 கி.மீ. ஓடிக் களைத்த ஷாக் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆபத்து எங்கே என்று கேட்டால் எல்லோரும் மலைப்பாதையைக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் யாரும் இருபதுக்கு மேல் போவதில்லை. அந்த வேகத்தில் வரும் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் கால் பங்கு. திரும்பப்போகிறோம் என்பதும் தெரியும். எனக்குப் பயம் நாற்கரச் சாலையில்தான். அங்கே காருக்கு 100 கி.மீ. வரை அனுமதி உண்டு. பக்கவாட்டுத் தடுப்பின் இடைவெளியிலிருந்து ஒரு நாய் உள்ளே வருகிறது. ஓட்டுநர் வலப்பக்கம் ஒடிக்கிறார். எடை இடது டயர்களுக்குப் போகிறது, கார் இடப்பக்கம் சாய்கிறது. நாய் தப்பியது. உடனே தடுப்புச் சுவர் கண்ணில் படுகிறது, இடப்பக்கம் ஒடிக்கிறார். சாய்ந்த கார் நிமிர்ந்து, அந்த வேகத்தோடு மறுபக்கம் சாய்கிறது. காலும் அதற்குள் ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும். முதல் திருப்பத்தில் அநேகமாக எந்தக் காரும் தாக்குப்பிடிக்கும். வால் வீசுவது இந்த இரண்டாவது திருப்பத்தில். முழுக்க இரண்டு நொடிகூட ஆகாது. அதில் நின்று காட்டுகிறதா என்பதுதான் முன், பின் விறைப்புப் பங்கீட்டுக்கான பரீட்சை. கார் நிறுவனங்கள் சோதனைத் தளத்தில் கூம்புகள் வைத்து, ஆள் நிறைந்த எடையிலும் இதை ஓட்டிப் பார்க்கின்றன. பஃபர் போட்ட பிறகு யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவான ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தொய்ந்துபோன பின் ஸ்பிரிங்கும் ஆபத்தானது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் அடியிலுள்ள பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் போய் உட்காரும். அந்தக் கணத்தில் விறைப்பு பல மடங்காகிவிடும். வளைவின் நடுவே வெளிப்பக்கப் பின் சக்கரம் அதில் உட்கார்ந்தால், பஃபர் செய்யும் கெடுதலையே அது முன்னறிவிப்பின்றி ஒரு நொடியில் செய்துவிடும். பஃபர் போட்ட பிறகு வண்டி நிதானமாகப் போகிறது என்று சிலர் சொல்வது பொய்யல்ல. அவர்களுடைய கார் அதற்கு முன் பம்ப் ஸ்டாப்பில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அதற்கான மருந்து சரியான அளவில் செய்த புதிய ஸ்பிரிங். ஆலையிலேயே சிஎன்ஜி சிலிண்டர் பொருத்தி வரும் கார்களைப் பாருங்கள். டிக்கியில் நிரந்தரமாக ஓர் ஆள் எடை ஏறியிருப்பதற்காக நிறுவனமே சஸ்பென்ஷனை மறுபடி அளவெடுத்துத் தருகிறது. அந்த வேலையை ஒரு ரப்பர் வளையத்திடம் விட முடியாது.

பின்பக்கத்தால் பெயர் கெட்ட கார் என்றால் அமெரிக்காவின் ஷெவ்ரலே கார்வேர். 1960 மாடலாக வந்தது. எஞ்சின் பின்னால் இருந்ததால் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின் அச்சில். பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் வகை. கியர்பாக்ஸ் பக்கம் கீல் வைத்த அச்சு, சக்கரத்தோடு சேர்ந்து வளைகோட்டில் ஏறி இறங்கும். கடுமையான திருப்பத்தில் வெளிச்சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். இதைத் தடுக்க முன்பக்கத்தில் ஓர் ஆன்டி ரோல் பார் போட்டு முன் அச்சின் பங்கைக் கூட்டியிருக்க வேண்டும். தொடக்கத்தில் அது தரப்படவில்லை. பதிலாக டயர் காற்றை நம்பினார்கள்: முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26. முன் டயர்களைத் தளரவிட்டு அண்டர்ஸ்டீர் வரவழைக்கும் உபாயம். காற்றடிக்கும் பையன் நான்கிலும் ஒரே அளவு அடித்தால் உபாயம் போயிற்று.

1964 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் திருத்தியது. முன்னால் ஆன்டி ரோல் பார் வந்தது. பின்னால் குறுக்காக ஒரு கமான் பட்டையைப் போட்டுச் சுமையில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்து, சுருள் ஸ்பிரிங்குகளைத் தளர்த்தினார்கள். அந்தப் பட்டை எடையைச் சுமக்கும், சாய்வை எதிர்க்காது. 1965 மாடலில் ஸ்விங் ஆக்சிலே போய்விட்டது. அதே ஆண்டு நவம்பரில் வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் பாதுகாப்பற்ற கார்களைச் சாடி எழுதிய புத்தகம் வந்து, முதல் அத்தியாயத்திலேயே கார்வேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பிறகு 1972இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, பழைய கார்வேர் அன்றைய மற்ற கார்களைவிட மோசமில்லை என்று அறிக்கை தந்தது. யார் சொன்னது சரி என்ற சண்டை இன்றும் முடியவில்லை. என் அக்கறை 1964 திருத்தத்தின் திசையில்: முன்பக்கத்தை இறுக்கு, சாய்வில் பின்பக்கத்தைத் தளர்த்து. பஃபர் இதற்கு நேர் எதிர்.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு கிளை உண்டு. 1961 முதல் இங்கே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்ட் ஸ்விங் ஆக்சில் கார்தான். பின்னால் குறுக்கே போகும் ஒற்றைக் கமான் கட்டு. அதே குடும்பத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் நான்காம் பதிப்பில், 1970இல், டிரையம்ஃப் பொறியாளர்கள் அந்தக் கட்டின் பெரும்பாலான பட்டைகளை நடுவில் அசையும்படி விட்டார்கள். மேடு ஏறும்போது முழுக் கட்டும் வேலை செய்யும். சாயும்போது ஓரிரு பட்டைதான் எதிர்க்கும். முன்னால் ஆன்டி ரோல் பாரையும் தடிமனாக்கினார்கள். சுமை தாங்குவதற்கான விறைப்பும் சாய்வை எதிர்க்கும் விறைப்பும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகத் திருக முடியும் என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது. பஃபரால் அது முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடியே தீரும்.

‘இப்போதுதான் இ.எஸ்.சி. வந்துவிட்டதே’ என்பார்கள். வால் வீசத் தொடங்கினால் ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் மின்னணு ஏற்பாடு அது. அருமையான கண்டுபிடிப்பு, 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புத் தரமதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க அது கட்டாயம். ஆனால் அந்தக் கணினியின் நினைவில் இருப்பது ஆலையில் போட்ட ஸ்பிரிங். அது பிரேக் பிடிப்பதும் இருக்கிற டயர் பிடியைக் கொண்டுதான். இல்லாத பிடியை உண்டாக்க அதனால் முடியாது. தவிர, பஃபர் போட்டு ஓடும் கார்களில் பெரும்பாலானவை இ.எஸ்.சி. இல்லாத பழைய வண்டிகள்.

பஃபர் வாங்குகிறவரைத் திட்டி என்ன பயன்? அவரை அந்தக் கடைக்கு அனுப்பியது தெருமுனை வேகத்தடை. 25 கி.மீ. வேகத்தில் தாண்டும் வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வரையறை இருக்கிறது: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். கார் அதன் மேல் மெதுவாக ஏறி இறங்கிவிடும், அடி தட்டாது. நம் வார்டுகளில் இருப்பவற்றுக்கு வரையறை ஏது? மிச்சமான தார்க் கலவையை ஒரு முழ அகலத்தில் கொட்டிக் குவித்துவிட்டுப் போகிறார்கள். அளவில்லாத வேகத்தடை பஃபரை விற்கிறது. பஃபர் நாற்கரச் சாலையில் வாலை வீசுகிறது. சாலை போடும் பொறியாளர்கள் இதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைப் பார்த்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் நிறுவனம் தந்த விவரங்களுக்கும் முரண் வரும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தம், உதிரிபாகம் பொருத்தி வாகனத்தை அனுமதியின்றி மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று போட்டது. ஆனால் பதிவுச் சான்றில் நிறம் இருக்கிறது, எஞ்சின் எண் இருக்கிறது, வெறும் எடை இருக்கிறது; ஸ்பிரிங் இல்லை. காரின் நிறத்தை மாற்றினால் கேள்வி வரும், வளைவில் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றினால் வராது. இதற்காகப் போலீஸ்காரர் சாலையோரம் டார்ச் அடித்துச் சுருளை எண்ண வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது இன்னொரு வசூலுக்குத்தான் வழி.

விற்பனை முனையில் பிடிப்பதே சரி. வெளியே பொருத்தும் சிஎன்ஜி கருவிக்குச் சோதனை மையத்தின் ஒப்புதல் தேவைப்படுவதுபோல, மாற்று ஸ்பிரிங்குக்கும் பஃபருக்கும் எந்த மாடலுக்கு, எவ்வளவு எடைக்கு என்ற ஒப்புதல் இருக்க வேண்டும். சோதனைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் அதன் சோதனைத் தளமும் இருக்கின்றன. கார் நிறுவனங்கள் மீதுதான் எனக்கு அதிக வருத்தம். ஐந்து பேரோடு ஊருக்குப் போவது இந்தியாவில் விதிவிலக்கான நாள் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். கனச் சுமைக்கான பின் ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், தேவைப்பட்டால் தடிமனான முன் ஆன்டி ரோல் பார் என்று ஒரே தொகுப்பாக, சோதித்து, சர்வீஸ் சென்டரில் விற்றால் வாங்க ஆள் வருவார்கள். ரப்பர் வளையத்தைவிட விலை பல மடங்கு ஆகும் என்பதும் தெரிந்ததுதான்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில. வண்டி தொய்கிறது என்றால் முதலில் வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் மேல்விளிம்புக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து, அதே மாடல் புதிய காரோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. நிறுவனத்தின் அசல் ஸ்பிரிங்கை இடம், வலம் இரண்டுமாக மாற்றுங்கள், கூடவே ஷாக்கையும் பாருங்கள். கனமான பெட்டியை டிக்கி வாயிலில் வைக்காமல் பின் சீட்டின் முதுகை ஒட்டித் தரையில் வையுங்கள். கூரையில் ஏற்றாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆள் குறைவாக இருக்கும்போது இவ்வளவு, முழுச் சுமையில் இவ்வளவு என்று இரண்டு காற்றழுத்தம் போட்டிருக்கும். பல மாடல்களில் முழுச் சுமைக்குப் பின் டயர் அளவு தெளிவாகவே அதிகம். பின்பக்கத்தின் பிடியைக் காக்க நிறுவனமே சொல்லும் வழி அது, செலவும் கிடையாது. ஊருக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் பங்கில் நான்கிலும் முப்பத்திரண்டு அடிக்கச் சொல்லாமல், அந்த ஸ்டிக்கரைப் படித்துச் சொல்லுங்கள்.

- கட்டுரையாளர், வாகன சஸ்பென்ஷன் வடிவமைப்புப் பொறியாளர்.